தரைத்தள பாத்ரூமில் சாக்கடைத் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் அடைப்பான்: காசு போட்டு இறங்கலாமா?

தென்றல்_மடிப்பாக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் தெருச் சாக்கடை நிரம்பி, தரைத்தள பாத்ரூம் நஹானி டிராப் (தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால் வாய்) வழியாகக் கழிவுநீர் வீட்டுக்குள் ஏறுவது சென்னையில் பலருக்கும் தெரிந்த தொல்லை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், கொரட்டூர் பக்கம் மணல் மூட்டையும் பழைய துணியும்தான் பலருக்குத் தடுப்பு.

இதற்கு ஓர் அடைப்பான் வடிவமைத்திருக்கிறேன். டிராப்பின் வாயில் எப்போதும் பொருத்தியே இருக்கும். குளிக்கிற தண்ணீர் வழக்கம்போல் இறங்கும். கீழிருந்து தண்ணீர் தள்ளினால் தானே மூடிக்கொள்ளும். மழை அறிவிப்பு வந்தால் மேலே இருக்கும் திருகை இறுக்கிப் பூட்டவும் செய்யலாம். 3டி பிரிண்ட் மாதிரியை பக்கெட் தண்ணீரில் வைத்துப் பார்த்ததில் சொட்டுகூட வரவில்லை.

கையில் ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது. கேட்க நினைப்பது: முதலில் காப்புரிமையா, மோல்டா (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு)? 350 ரூபாய்க்கு விற்றால் கட்டுமா? எந்தக் கட்டத்தில் "இது வேண்டாம்" என்று நிறுத்த வேண்டும்? மாதிரி வேலை செய்யும் வீடியோவை யூடியூபில் போட்டு வரவேற்பு எப்படி என்று பார்க்கவும் யோசனை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காப்புரிமை_மேசை:

மேடம், முதல் வேலை, அந்த வீடியோவைப் போடாதீர்கள். இங்கேயும் சீல் எப்படி உட்காருகிறது, மூடி எப்படி நகர்கிறது என்று எழுத வேண்டாம். என்ன பிரச்சினைக்கு என்ன பொருள் என்பதோடு நிறுத்தியிருக்கிறீர்கள், அந்த அளவு பரவாயில்லை. விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பாளரே ஊரறிய வெளியிட்டாலும் புதுமை போய்விடும். 1970ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 12 மாத விலக்கு ஒன்று உண்டு. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் அது. யூடியூப் அதில் சேராது. மோல்டு பட்டறைக்குக் காட்டும்போது ஒரு பக்க ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படிக் காட்டுவது ஊரறிய வெளியிடுவதாகாது.

அடுத்தது தேடல். இதற்குக் காசு வேண்டாம், ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் என்ற மூன்று தேடுதளங்களையும் பாருங்கள். சொல்லைப் போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். ஒருவர் அதை அடைப்பான் என்பார், இன்னொருவர் வால்வு என்பார், மூன்றாமவர் கேப் என்பார். அதனால் காப்புரிமை அலுவலகங்கள் ஒவ்வொரு பொருள் வகைக்கும் தரும் வகைப்பாட்டு எண் வழியாகப் போங்கள். கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுகள் இ03எஃப் 7/04. தரை வடிகால்கள் இ03எஃப் 5/04. குழாய் அடைப்பான்கள் எஃப்16எல் 55/11. ஒருவழி வால்வுகள் எஃப்16கே 15. உங்கள் பொருள் இந்த நான்கையும் தொடுகிறது. நெருக்கமாக ஒரு பத்து ஆவணம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் முதல் உரிமைக்கோரிக்கையை (எது தனக்கு உரியது என்று சொல்லும் பத்தியை) எடுத்து, அதிலுள்ள உறுப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, உங்கள் பொருளில் எது இருக்கிறது, எது இல்லை என்று டிக் போடுங்கள். கடைசியில் எதிலும் இல்லாத ஒரே ஓர் உறுப்பாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சியது வெறும் "பிளாஸ்டிக்குக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.)" என்ற ரகம் என்றால் காப்புரிமையை மறந்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தெரிந்த ஒருவழி வால்வு ஒன்று, தெரிந்த திருகு அடைப்பான் ஒன்று, இரண்டையும் ஒரே உடலில் வைத்து, இரண்டும் தனித்தனியே பழைய வேலையையே செய்தால், சட்டத்தின் 3ஆவது பிரிவின் (எஃப்) உட்பிரிவு அதைக் கண்டுபிடிப்பாகவே ஏற்காது. "தானே மூடும், திருகியும் பூட்டலாம்" என்று நீங்கள் எழுதியிருப்பது கிட்டத்தட்ட அந்த எல்லையில் நிற்கிறது. இரண்டும் சேர்ந்ததால் தனியாக இருந்தபோது கிடைக்காத ஏதோ ஒன்று கிடைக்கிறது என்று காட்ட முடிகிறதா பாருங்கள்.

தேடலில் கிடைக்கும் வெளிநாட்டுக் காப்புரிமை உங்கள் புதுமையைக் கெடுக்கும். ஆனால் அதன் இந்திய விண்ணப்பம் இல்லையென்றால் இங்கே நீங்கள் விற்பதை அது தடுக்காது. விண்ணப்பித்து 20 வருடம் முடிந்தவற்றை யாரும் எடுத்துச் செய்யலாம். காப்புரிமை கிடைக்குமா என்பதும் விற்கலாமா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள்.

செலவு: தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய். கிண்டி அலுவலகத்துக்குக் காகிதத்தில் கொண்டுபோனால் 1,750. தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்தோடு) தாக்கல் செய்தால் அன்றைய தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும், தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தற்காலிகம்தானே என்று நாலு வரி எழுதிப் போட்டுவிடாதீர்கள். அதில் எழுதாத அம்சத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. யோசித்த எல்லா மாற்று வடிவங்களையும் படத்தோடு எழுதுங்கள். அலுவலகம் விண்ணப்பத்தை ஆராயும்படி கேட்கும் பரிசோதனைக் கோரிக்கைக்குத் தனியே 4,000 ரூபாய், 2024 விதித் திருத்தத்துக்குப் பின் 31 மாதத்துக்குள் கேட்க வேண்டும். தனிநபராக விண்ணப்பிப்பவர் பெண் என்றால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம், அதற்கு 8,000. ஏஜென்ட் வைத்தால் அவர் கட்டணம் இவற்றைவிடப் பல மடங்கு. அதனால் முழு விவரக்குறிப்புக்கு ஏஜென்ட்டிடம் போவதை அந்த 12 மாதத்தின் கடைசிப் பகுதிக்குத் தள்ளிப் போடுங்கள். நடுவில் பொருள் விலைபோகாது என்று தெரிந்தால் 1,600 ரூபாயோடு விட்டுவிடலாம்.

நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால், பணி ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்புகள் யாருக்குச் சொந்தம் என்ற பத்தியை இன்றே படியுங்கள்.

பைப்லைன்_110எம்எம்:

காப்புரிமைக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. இந்தப் பொருள் எந்த வீட்ல வேலை செய்யும்? எல்லாத் தரைத்தள வீட்லயும்னு நினைச்சா தப்பு.

வெள்ளம் தெருவுல வீட்டுத் தரை மட்டத்துக்கு மேல நின்னா, தண்ணி வாசக்கதவு வழியாவே வந்துடும். டிராப்பை எவ்வளவு நல்லா அடைச்சாலும் பிரயோஜனம் இல்ல. அதுக்குக் கீழ நின்னா, சாக்கடைத் தண்ணி பாத்ரூம் மட்டம் வரைக்கும் ஏறவே ஏறாது, காம்பவுண்டுல இருக்கற சேம்பர் (கழிவுநீர் பைப்புங்க சேர்ற தொட்டி) மூடி வழியா வெளியே வழிஞ்சிடும். பாத்ரூம் தரை வீட்டுத் தரையைவிட ஒன்றரை அங்குலம்தான் தாழ்வா இருக்கும். ஆக, சாதாரண வீட்ல உங்க அடைப்பானுக்கு வேலை இருக்கற இடைவெளி அந்த ஒன்றரை அங்குலம்தான்.

நெஜமா வேலை இருக்கற வீடுங்க வேற. பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல தார் போட்டதால, ரோட்டைவிடத் தாழ்ந்துபோன வீடுங்க. அங்க மேன்ஹோல் மூடி ரோடு மட்டத்துல இருக்கும், பாத்ரூம் தரை அதுக்கு ஒரு அடி, ஒன்றரை அடி கீழ இருக்கும். மெயின் லைன் நிரம்பினா மேன்ஹோல் வழியறதுக்கு முன்னாடியே பாத்ரூம்ல பொங்கும். வாசல்ல திண்டு கட்டி ரோட்டுத் தண்ணிய நிறுத்திட்டாங்க, உள்ள இருந்து வர்றதை நிறுத்த வழியில்ல. இவங்கதான் உங்க வாடிக்கையாளர். வாசல்ல தடுப்புப் பலகை போடற வீடுங்களையும் இதோட சேத்துக்கலாம்.

இது எத்தனை வீடுன்னு கண்டுபிடிக்க சர்வே கம்பெனி வேண்டாம். கொத்தனார் மட்டம் பாக்க வெச்சிருக்கற ட்யூப் லெவல் (தண்ணி நிரப்பின ட்யூப்) போதும். தெரு மேன்ஹோல் மூடிக்கும் பாத்ரூம் ஜாலிக்கும் (டிராப் மேல இருக்கற சல்லடை மூடி) மட்டம் பிடிங்க. மூடி உயரமா இருந்தா குறிச்சுக்கோங்க, எத்தனை சென்டிமீட்டர்னும் எழுதுங்க. தெருவுக்கு ரெண்டு மூணு வீடு பாத்தாலே அந்தத் தெரு எந்த ரகம்னு தெரிஞ்சிடும். அந்த சென்டிமீட்டர் கணக்குதான் உங்க பொருள் தாங்க வேண்டிய அழுத்தமும்.

இப்ப அழுத்தம். பத்து செ.மீ. தண்ணி உயரம்னா சதுர செ.மீ.க்கு 10 கிராம். 110 எம்எம் எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீர் போற பி.வி.சி.) பைப்போட உள்விட்டம் சுமார் 103, பரப்பு 83 சதுர செ.மீ. தண்ணி 60 செ.மீ. உயரம் நின்னா அடைப்பானை மேல தள்ற விசை 5 கிலோ. 75 எம்எம் பைப்ல ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. உங்க பக்கெட் சோதனையில 25 செ.மீ.க்கு மேல உயரம் கிடைச்சிருக்காது, அதுவும் சுத்தமான தண்ணி. ஆன்லைன்ல கரப்பான்பூச்சி வராம இருக்க விக்கற சிலிகான் டக்பில் (வாத்து அலகு மாதிரி ரெண்டு உதடு மூடற) வால்வெல்லாம் இந்த இடத்துலதான் தோக்குது. உதடு நல்லாத்தான் மூடும். பிடிப்பு இல்லாததால வால்வே மொத்தமா டிராப்பை விட்டு மேல வந்துடும். உங்க பொருள் சுவரைப் பிடிக்கற பிடிப்பு, கணக்குல வர்ற விசையைப் போல மூணு மடங்காவது இருக்கணும்.

ஃபிளாட்டுல இன்னொரு ஆபத்து. மேல் மாடி லைனும் தரைத்தள லைனும் ஒண்ணா சேர்ந்து, சேம்பர் மூடியை வாசனை வருதுன்னு சிமென்ட் போட்டுப் பூசியிருந்தா, மேல இருக்கறவங்க ஃபிளஷ் பண்ற தண்ணி போக வழியில்லாம ஸ்டாக் பைப்புல (மாடியில இருந்து நேரா இறங்கற பைப்) நிக்கும். மூணு மீட்டர் நின்னா 25 கிலோ. எந்தக் கைத்திருகு அடைப்பானும் அதைத் தாங்காது. ஃபிளாட்டுக்கு விக்கறதா இருந்தா, சேம்பர் மூடி திறந்து வழியற மாதிரி இருக்கான்னு பாத்துட்டுத்தான் விக்கணும். இதை விளக்கத் தாள்ல எழுதாம விட்டீங்கன்னா, முதல் மழையிலயே சண்டை வரும்.

கடைசியா ஒண்ணு. ஒரு ஓட்டையை அடைச்சா தண்ணி அடுத்த தாழ்ந்த ஓட்டைக்குப் போகும். பாத்ரூம் டிராப், கமோடு, வாஷிங் மெஷின் பக்கத்து டிராப், பின்கட்டு கழுவற இடம். வீட்டுக்கு மூணு நாலு இடம் இருக்கும், கமோடுக்கு உங்க வடிவம் பொருந்தாது. அதனால பீஸா விக்க முடியாது, வீட்டுக்கு ஒரு செட்டாத்தான் யோசிக்கணும்.

அச்சுப்பட்டறை_அம்பத்தூர்:

350 ரூபாய் கணக்கை மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 297. கடைக்காரர் 25 சதவீதம் எடுத்தால் 222. மொத்த வியாபாரி 10 சதவீதம் எடுத்தால் 200. வண்டி வாடகை, உடைந்தது, திரும்பி வந்தது என்று பீஸுக்கு 40 வையுங்கள், மிச்சம் 160.

உற்பத்திச் செலவு நான் போடும் தோராயம்: பி.பி. (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) உடல் இரண்டு பாகம் மோல்டிங் கூலியோடு 30, ரப்பர் வளையமும் மூடியும் 45, எஸ்.எஸ். 304 போல்ட், விங் நட், வாஷர் 35, சேர்த்துக் கசிவு சோதிக்க 18, அட்டைப்பெட்டி, விளக்கத் தாள் 22. மொத்தம் 150. பீஸுக்குக் கையில் நிற்பது பத்து ரூபாய். மோல்டு செலவு நாலு லட்சம் என்றால் அதை எடுக்கவே 40,000 பீஸ் விற்க வேண்டும். இதே பொருள் 900 ரூபாய் என்றால் அதே வழியில் 515 கைக்கு வரும். வண்டி, திரும்பியது 60, செலவு 150 போக 305 நிற்கும். மோல்டோடு சோதனை, காப்புரிமை எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் என்றால் ஏறக்குறைய 1,640 பீஸில் போட்டது வந்துவிடும். கமோடு போக வீட்டுக்கு மூன்று என்று பார்த்தால் ஏறக்குறைய 547 வீடு. 900 ரூபாய்க்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது. விலையைக் குறைத்து எண்ணிக்கையில் பிடிக்கலாம் என்பது மழைக்காலப் பொருளுக்கு ஒத்துவராது.

மோல்டு பற்றி. 3டி பிரிண்ட்டில் வந்த வடிவம் அப்படியே மோல்டில் வராது. சுவர் தடிமன் எல்லா இடத்திலும் 2 முதல் 2.5 எம்எம் என்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் 6 எம்எம் கட்டையாக விட்டால் ஆறும்போது அங்கே குழி விழும். அந்தக் குழி சீல் உட்காரும் முகத்தில் விழுந்தால் கசியும். பீஸ் மோல்டை விட்டுக் கழல ஒன்றிலிருந்து ஒன்றரை டிகிரி சாய்வு வேண்டும். பக்கவாட்டில் கொக்கி, பள்ளம் இருந்தால் ஸ்லைடு (பக்கவாட்டில் நகரும் அச்சுத் துண்டு) வைக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்லைடும் மோல்டு விலையைத் தூக்கும். உள் மரையைப் பிளாஸ்டிக்கிலேயே வெட்டினால் மோல்டு சுற்றிக் கழல வேண்டும், அது இன்னும் விலை. மரை உள்ள இடத்தில் ஒரு பித்தளை நட்டை உள்ளே வைத்து மோல்டு செய்துவிடுங்கள்.

ஆறு லட்சத்தில் நாலை எடுத்து உடனே ஸ்டீல் மோல்டு போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் வாக்யூம் காஸ்டிங், அதாவது சிலிகான் அச்சில் வெற்றிடத்தில் பிசின் ஊற்றி எடுப்பது. ஒரு சிலிகான் அச்சில் இருபது பீஸ் வரை எடுக்கலாம். பீஸ் விலை அதிகமாக இருக்கும், ஆனால் வடிவத்தை மாற்ற முடியும். ரப்பருக்கு மட்டும் கம்ப்ரஷன் மோல்டு முதலிலேயே வேண்டும், அது பெரிய செலவில்லை.

உங்கள் பொருளின் உயிரே அந்த ரப்பர்தான். 110 எம்எம் பைப்பில் ஏ டைப் சுவர் 2.2 எம்எம், பி டைப் 3.2 எம்எம். அதாவது உள்விட்டத்திலேயே இரண்டு எம்எம் வித்தியாசம். பழைய வீட்டில் ஸ்டோன்வேர் பைப் வட்டமாகவே இருக்காது. இத்தனைக்கும் ஈடுகொடுக்க ரப்பர் மெத்தென்று, ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 40 பக்கம் இருக்க வேண்டும். ஆனால் மெத்தென்ற ரப்பரை மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் நசுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும், பிறகு பிடிக்காது. பாத்ரூம் ஆசிட்டுக்கு இ.பி.டி.எம். என்ற ரப்பர் வகை தாங்கும், எண்ணெய்ப்பசைக்குத் தாங்காது. பினாயிலில் பைன் எண்ணெய் இருக்கிறது. என்.பி.ஆர். என்ற வகை எண்ணெய்க்குத் தாங்கும். இரண்டிலும் துண்டு வெட்டி, நீங்கள் வீட்டில் ஊற்றும் பினாயில், ஆசிட் இரண்டிலும் ஏழு நாள் ஊறவைத்து, விட்டமும் எடையும் முன்பின் அளந்து பாருங்கள். உப்பினால் அந்த ரப்பர் வேண்டாம். முறையான சான்றிதழ் வேண்டுமென்றால் கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனமான சிப்பெட் இருக்கிறது.

கடைவீதி_பாரிமுனை:

மற்றவர்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் வரிசையை மாற்றிப் போடச் சொல்வேன். மேடம், உங்கள் பொருளைச் செய்யும் முன், வேறு ஒருவர் செய்த பொருளை விற்றுப் பாருங்கள்.

பிளம்பிங் கான்ட்ராக்டர்கள் லைனில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்க டெஸ்ட் பிளக் பயன்படுத்துகிறார்கள். நடுவில் போல்ட், மேலே விங் நட், இறுக்கினால் ரப்பர் பக்கவாட்டில் விரிந்து பைப்பைப் பிடிக்கும். இரண்டு அங்குலத்திலிருந்து ஆறு அங்குலம் வரை கிடைக்கிறது. லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் பைப், வால்வு கடைகளில் கேளுங்கள், ஆன்லைனிலும் இருக்கிறது. தானே மூடாது, மழைக்கு முன் கையால் போட வேண்டும். ஆனாலும் உங்கள் பொருள் தீர்க்கும் பிரச்சினையில் பெரும்பகுதியை அது இன்றைக்கே தீர்க்கிறது.

அதில் மூன்று அளவு, ஒரு விளக்கத் தாள், எந்த ஓட்டைக்கு எது என்று ஒரு வண்ண ஸ்டிக்கர், ஒரு பை. இப்படி முப்பது செட் கட்டுங்கள். விலை 2,500 என்று வையுங்கள், வீட்டுக்கு வந்து அளவு பார்த்துப் பொருத்திக் காட்டுவதும் சேர்த்து. பைப்லைன் சார் சொன்ன ட்யூப் லெவல் தெருக்களில் மட்டும் செப்டம்பர் கடைசியில் ஆரம்பியுங்கள். "இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குத் தெருவே ஆமாம் சொல்லும். ஜிபே செய்தார்களா என்பது மட்டும்தான் பதில்.

ரோட்டுக்குக் கீழே தரை இருக்கிறது, முன்பு ஒரு தடவையாவது பொங்கியிருக்கிறது, சொந்த வீடு. இந்த மூன்றும் உள்ள பத்து வீட்டில் மூன்று வீடாவது பணம் கொடுத்தால் மேலே போகலாம். ஒரு வீடுகூட இல்லையென்றால், வேலை செய்யும் என்று நிரூபணமான பொருளுக்கே இங்கே காசு வரவில்லை என்று அர்த்தம். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரைக் காட்டுவார், வீட்டுக்காரர் மாநகராட்சியைக் காட்டுவார். அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதில் உங்களுக்கு இன்னொரு லாபம். எந்த அளவு அதிகம் போகிறது, எங்கே பொருந்தவில்லை, போட மறந்துவிட்டார்களா, கழற்ற மறந்து குளிக்கிற தண்ணீர் தேங்கியதா என்று எல்லாம் மோல்டு போடும் முன்பே தெரிந்துவிடும். உங்கள் வடிவத்தை யாரிடமும் காட்டாமலே சந்தையைப் பார்த்துவிடுகிறீர்கள், காப்புரிமைக்கும் பங்கமில்லை.

பணச் சுழற்சியையும் மனதில் வையுங்கள். சரக்கு ஆகஸ்டில் தயாராக இருக்க வேண்டும். விற்பது அக்டோபர், நவம்பர். கடைக்காரர் 60 நாள் கடன் கேட்பார், மழை பொய்த்தால் சரக்கைத் திருப்பித் தருவார். மீந்தது அடுத்த வருடம் வரை ரப்பரோடு கிடங்கில் கிடக்கும். கடை வழியாகப் போவதைவிட, பகுதிப் பிளம்பர்கள் வழியாகப் போங்கள். அவருக்குச் செட்டுக்கு 400 ரூபாய் கூலி நின்றால் அவரே வீடு வீடாகச் சொல்வார், கடனும் இல்லை.

தென்றல்_மடிப்பாக்கம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வீடியோ போடப் போவதில்லை. தாழ்ந்த தெருக்களில் மட்டம் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். கையால் போடும் பிளக்கே போதும் என்றால், "தானே மூடும்" பகுதிக்கு அவசியமே இல்லையா? என் வடிவத்தில் மெனக்கெட்டது அந்தப் பகுதிக்குத்தான். இருந்தால் அதை எப்படிச் சோதிப்பது?

பைப்லைன்_110எம்எம்:

அவசியம் இருக்கு மேடம், ஆனா அதுதான் கஷ்டமான பகுதியும். ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் பொங்கினா பிளக் போட ஆள் எழுந்திருக்க மாட்டாங்க. ஊருக்குப் போயிருந்தா கேக்கவே வேண்டாம். தானே மூடினா அதுக்கு 2,500 இல்ல, இன்னும் கூடக் குடுப்பாங்க. பிரச்சினை என்னன்னா, வருஷம் முழுக்க அது வழியா முடி, சோப்புப் பசை, மணல் எல்லாம் போகும். மூடற முகத்துல நாலு முடி குறுக்கே நின்னா போதும், அந்த இடுக்கு வழியா தண்ணி வரும். மழைக்காலம் வரும்போது வால்வு பத்து மாசம் அழுக்குல நின்ன வால்வு. புது வால்வைச் சோதிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

சோதனை மேசை இப்படிப் பண்ணுங்க. 110 எம்எம் பைப் ரெண்டு துண்டு, ஒண்ணு ஒன்றரை மீட்டர், இன்னொண்ணு அரை மீட்டர். ரெண்டு எல்போவும் நடுவுல ஒரு சின்னத் துண்டும் போட்டு யு மாதிரி நிறுத்துங்க. அடைப்பான் சின்னக் கால் மேல் வாயில உக்காரணும். பெரிய கால்ல, அடைப்பான் மட்டத்துக்கு மேல 15, 30, 60, 90 செ.மீ.ன்னு தண்ணி உயரத்தைப் படிப்படியா ஏத்துங்க. ஒவ்வொரு உயரத்துலயும் ஒரு மணி நேரம், வழியறதை மக்குல பிடிச்சு அளங்க. 15ல சோதிக்காம விட்டுடாதீங்க. நிறைய ஒருவழி வால்வு அதிக அழுத்தத்துல நல்லா மூடும், கம்மி அழுத்தத்துலதான் கசியும். மூடியை அழுத்திப் பிடிக்க அங்க விசையே இருக்காது. ஒரு மணிக்கு ஒரு லிட்டருக்குக் கீழ இருந்தா தேறிடுச்சு, ராத்திரி முழுக்க வந்தாலும் ஒரு மாப்புல துடைச்சிடலாம்.

அடுத்து அழுக்கோட. சலூன்ல கேட்டா முடி கிடைக்கும், அதோட சோப்புத்தூள், மெல்லிசு மணல், தேங்காய் நார் கலந்து மேல இருந்து பக்கெட் பக்கெட்டா ஊத்துங்க. ஒவ்வொரு பத்து பக்கெட்டுக்கும் ஒரு தடவை கீழ இருந்து அழுத்தம் குடுத்துப் பாருங்க. எத்தனாவது பக்கெட்ல ஒரு லிட்டரைத் தாண்டுதுன்னு குறிங்க. அந்த எண்தான் "எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழட்டிக் கழுவணும்"கறதுக்கு விடை. வாரா வாரம் கழுவணும்னு வந்தா யாரும் செய்ய மாட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னா செய்வாங்க, ஜாலியைத் தூக்கற மாதிரி ஒரு கையால எடுக்க முடிஞ்சா. இறங்கற வேகத்தையும் பாருங்க. ஷவர் நிமிஷத்துக்கு பத்து லிட்டர் ஊத்தினா தேங்காம இறங்கணும்.

பழைய வால்வுங்க எல்லாம் முடியிலதான் தோத்துப்போச்சு. உங்க வடிவம் அங்க ஜெயிச்சா, காப்புரிமை சார் கேட்ட அந்த "எதிலும் இல்லாத உறுப்பு" அதுவாத்தான் இருக்கும்.

காப்புரிமை_மேசை:

பைப்லைன் சார் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடி நிற்காமல் போவதற்கு வடிவத்தில் எது காரணம் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அந்த அமைப்பைத்தான் முதல் உரிமைக்கோரிக்கையில் எழுத வேண்டும், "தானே மூடும் அடைப்பான்" என்பதை அல்ல. சோதனை அட்டவணையைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். முழு விவரக்குறிப்பில் பழைய வடிவம் இத்தனையாவது பக்கெட்டில் கசிந்தது, இது இத்தனையாவதில் என்று ஒப்பிட்டுக் காட்டினால் பரிசோதகரிடம் வாதிட அது பெரிய பலம்.

வரிசை கேட்டிருந்தீர்கள். தேடல், மட்டம் பிடிப்பது, பைப் சோதனை மேசை மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கலாம். மூன்றுக்கும் சேர்த்துச் சில ஆயிரம்தான் ஆகும். அழுக்குச் சோதனையில் தேறினால் மட்டும் தற்காலிக விண்ணப்பம். டெஸ்ட் பிளக் செட் விற்பனை ஒரு மழைக்காலம். இரண்டும் நன்றாக வந்தால் வாக்யூம் காஸ்டிங்கில் இருபது பீஸ், விண்ணப்பத் தேதிக்குப் பிறகுதான் வீடுகளில் பொருத்த வேண்டும். அதுவரை மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறது என்றால் நிறுத்திவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். ஸ்டீல் மோல்டுக்கான நாலு லட்சத்தை, அடுத்த மழைக்காலத்துக்கு முன்பணம் கையில் வந்த பிறகு தொடுங்கள். மாதிரி செய்யும் கட்டத்துக்கு கிண்டியில் இருக்கும் இ.டி.ஐ.ஐ. (தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு) நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தையும் விசாரியுங்கள். முதல் நிலைக்கு இரண்டு லட்சம், அடுத்த நிலைக்கு ஐந்து லட்சம் வரை உண்டு.

வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இந்தியத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு பொருளுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற நாடுகளின் பைப் அளவு வேறு, அங்கே கழிவுநீர் திரும்பாமல் தடுக்கும் பேக்வாட்டர் வால்வுகள் ஏற்கெனவே கடையில் இருக்கின்றன. சென்னை டிராப்புக்கும் சென்னைச் சாக்கடைக்கும் பொருந்துவதே இப்போதைக்கு உங்கள் பலம்.

அச்சுப்பட்டறை_அம்பத்தூர்:

ஒன்றைச் சேர்க்கிறேன். அழுக்குச் சோதனைக்கு 3டி பிரிண்ட் பீஸை அப்படியே வைக்காதீர்கள். பிரிண்ட்டின் படிப்படியான வரிகளில் முடி மாட்டும், வடிவத்தின் குறை என்று தவறாக நினைத்துவிடுவீர்கள். சீல் உட்காரும் முகத்தை 400, பிறகு 800 நம்பர் நீர் எமரித் தாளில் தேய்த்து, மெல்லிசாக எபாக்ஸி பூசி, மறுநாள் மறுபடி 800இல் தேய்த்துவிட்டு வையுங்கள். மோல்டில் வரும் முகத்துக்கு அது ஓரளவு பக்கத்தில் வரும்.